மூணாவது கியரில் ஏறிய வண்டி

தம்பிக்காரன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அக்காக்காரிக்குத் தெரிந்துவிடும். முன்பெல்லாம் அப்படியில்லை. வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால்தான் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்குவாள். இப்போது அந்த வண்டி நாலு வீடு தள்ளி வரும்போதே உறுமுகிறது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவள், "வந்துட்டாருய்யா பெரிய ரேஸ்காரரு" என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறாள். வந்து நிற்பது என்னவோ பழைய டாக்ஸிதான். அதே இன்ஜின், அதே நாலு சக்கரம், பின்கதவின் அடியில் அதே துரு.

மாறியது ஒன்றே ஒன்று. பானெட்டைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் கவிழ்த்து வைத்த பூந்தொட்டி மாதிரி ஒரு சிவப்பு ஏர் ஃபில்டர். மாட்டிவிட்டது அக்காக்காரியின் புருஷன்.

புருஷன் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. ஒரு பாதியில் அவன் வண்டிகளைப் பிரித்துப் போட்டிருப்பான், மறுபாதியில் அவள் சீட் கவர் தைப்பாள். கிரீஸ் வாசனையும் ரெக்சின் பசை வாசனையும் கலந்து அந்தக் கொட்டகைக்கென்றே ஒரு நெடி உண்டு. வெயில் ஏறினால் தகரம் சடசடவென்று சத்தம் போடும். தடித்த ரெக்சினை நாலாக மடித்து மிஷினில் தள்ளும்போது ஊசி பட்டென்று ஒடியும், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த ஊசியைப் போடுவாள். எந்த வண்டியில் யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் சீட்டின் பள்ளத்தைப் பார்த்தால் தெரியும் என்பாள். மெக்கானிக் சிரிப்பான். அவனுக்கு அதெல்லாம் பெண்பிள்ளைப் பேச்சு.

தம்பி அந்தக் குழாயை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல வெயில். மெக்கானிக் வேலை இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"மாமா, இதை மாட்டுனா பத்து குதிரை பவர் கூடுமாம். பெட்டியிலேயே போட்டிருக்கு."

"குதிரைக்குக் கொள்ளு யாரு வாங்குறது?"

"விளையாடாதீங்க மாமா. மலை ரோட்டுல லாரி பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து உயிரு போகுது. ஸ்டாண்டுல நேத்து வண்டி எடுத்தவன்லாம் என்னைத் தாண்டிப் போறான். தாண்டுற நேரத்துல கொஞ்சம் தெம்பு குடுத்தா போதும். நீங்க கை வச்சா நடக்கும் மாமா."

வேண்டாம் மாப்ள, இதில் ஒன்றும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. மெக்கானிக்குக்கு அது வரவில்லை. கொட்டகை ஈயடித்துக்கொண்டிருந்த காலம் அது. புது வண்டிகள் எல்லாம் கம்பெனி சர்வீசுக்கே போய்விடுகின்றன. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பெண்டாட்டியின் பிறந்த வீட்டில் அவனை மனுஷனாக மதிக்கிற ஒரே ஆள் இந்த மச்சினன்தான். மற்றவர்களுக்கு இன்றைக்கும் அவன் கிரீஸ் கைக்காரன். 'எங்க மாமா கை வச்சா' என்று ஆரம்பிக்கிற ஒரு வாயை மூட யாருக்குத்தான் மனசு வரும்? மாட்டிவிட்டான். கம்பெனி வைத்திருந்த கறுப்பு ஃபில்டர் டப்பா கழன்று மூலைக்குப் போனது.

மறுநாள் விடிகாலையில் தம்பி தனியாக மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கும்போதே முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

"மாமா! தண்ணித் தொட்டி வளைவு இருக்குல்ல? அங்க என் வண்டி ரெண்டாவது கியருக்கு மேல ஏறுனதே கிடையாது. இன்னைக்கு மூணுல ஏறுச்சு மாமா! மூணுல!"

மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தான். பிறகு, "அப்படியா" என்றான்.

அந்த 'அப்படியா' போதுமானதாக இருந்தது. தம்பி ஸ்டாண்டில் போய்ச் சொன்னான். பானெட்டைத் திறந்து காட்டினான், ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கேட்கவைத்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக டிரைவர்கள் பெட்டியோடு வர ஆரம்பித்தார்கள். கொட்டகை களைகட்டியது. மெக்கானிக் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இன்று காலை அவள் ரொட்டியையும் அவித்த முட்டையையும் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. மதியத்துக்குள் வந்து கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தம்பி, தம்பி பொண்டாட்டி, அவர்கள் மகள் குட்டி, இவள் என்று நாலு பேரும் தம்பி வண்டியிலேயே போவதாக ஏற்பாடு. விடிந்ததிலிருந்தே புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. வானம் சாம்பல் பூசினாற்போல இருந்தது, மழை வரும் என்றும் சொல்ல முடியவில்லை, வராது என்றும் சொல்ல முடியவில்லை.

மெக்கானிக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றான். குடிக்கவில்லை.

"அவனை மெதுவா போகச் சொல்லு."

"அவன் எப்ப மெதுவா போனான்? இப்ப பத்து குதிரை வேற பூட்டிக் குடுத்திருக்கீங்க."

"குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல."

அவள் முட்டை உரிப்பதை நிறுத்தினாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"சத்தம்தான். வேற ஒண்ணுமில்ல. ரேஸுக்குன்னு இன்ஜினையே மாத்திக் கட்டுன வண்டியில இந்தக் குழாய் ஏதோ கொஞ்சம் செய்யும். இவன் வண்டிக்கு, முதுகுல உக்காந்திருந்த ஈ பறந்த மாதிரி. அவ்வளவுதான்."

"மூணாவது கியருல ஏறுச்சுன்னானே?"

"முன்னாடி எப்ப ஏறுனான்? மத்தியான வெயில்ல, வண்டி நிறைய ஆளை ஏத்திக்கிட்டு. அன்னைக்கு எப்பப் போனான்? விடிகாலைல, குளிருல, தனியா. குளுந்த காத்து உள்ள போனா எந்த இன்ஜினும் நல்லா இழுக்கும். அந்தப் பழைய டப்பாவோட போயிருந்தாலும் மூணுல ஏறியிருக்கும்."

"அப்ப நஷ்டம் ஒண்ணும் இல்லல்ல?"

மெக்கானிக் டீயைப் பார்த்தான். "கம்பெனிக்காரன் அந்த டப்பாவை, வெளிக்காத்தை இழுக்கிற மாதிரி வச்சிருந்தான். இது திறந்து கிடக்கு, இன்ஜின் பக்கத்துலயே. வண்டி ஓட்டமா ஓடுனா பரவாயில்ல. லாரி பின்னாடி ஊர்ந்துச்சுன்னா இன்ஜின் சூட்டையே திரும்பக் குடிக்கும். அப்ப இருக்கிறதும் போயிடும்."

"லாரி பின்னாடி ஊர்ந்துட்டுத்தானேங்க தாண்டுவான்?"

அவன் ஆறிப்போன டீயை வாசலில் ஊற்றினான்.

"இதை அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்றேன். நேரம் பாத்து நானே சொல்றேன். இன்னைக்குக்கூட ரெண்டு பேரு பெட்டியோட வர்றாங்க. இப்பப் போய்ச் சொன்னா நாளைக்கு ஸ்டாண்டுல தலை காட்ட முடியுமா? நீ எதுவும் உளறி வைக்காதே."

தெருமுனையில் உறுமல் கேட்டது. எதிர்வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் தூக்கை மூடினாள். பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால் புருஷனை ஒருநாளும் விட்டுக்கொடுக்காதவள் அவள். இன்றைக்கும் கொடுக்க வேண்டாம், போகிற வழியில் இதமாகப் பேசி நிதானமாக ஓட்டவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் தம்பி பொண்டாட்டி, மடியில் குட்டி. தம்பி ஏசியைப் போடவில்லை. "ஏசி போட்டா பவர் போயிடும்கா, மலை தாண்டட்டும்" என்றான். ஜன்னல்களை இறக்கினார்கள். உள்ளே வந்தது காற்று இல்லை, அனல். பேசுவதே கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி கத்தியது, எல்லோரும் சந்தைக்கடையில் பேசுகிறது மாதிரி கத்திப் பேசினார்கள்.

"மாமா பெரிய ஆளுக்கா! உனக்குத் தெரியல அவரு அருமை. நம்ம பெரியப்பா கிரீஸ் கிரீஸுன்னு இளக்காரம் பண்ணுவாருல்ல, அவருகிட்டயே சொன்னேன். எங்க மாமா மாதிரி கைவேலை பத்து ஊருக்கு இல்லைன்னு."

"சரிடா, ரோட்டைப் பாரு."

"ரோடு என்னைப் பாக்கட்டும்."

பின்சீட்டில் தம்பி பொண்டாட்டி சிரித்தாள். சிரித்துவிட்டுக் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை எப்போதும் முன்சீட்டின் முதுகைப் பற்றியே இருக்கும். அந்த இடத்தில் ரெக்சின் தேய்ந்து வெளுத்திருப்பதை அக்காக்காரி போன மாதமே பார்த்திருந்தாள். இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

ஏற்றம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே லாரி மாட்டியது. கட்டடக் கம்பி ஏற்றிய லாரி. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டு, நுனியில் கட்டிய சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. மனுஷன் நடக்கிற வேகத்தில் அது முனகிக்கொண்டு ஏறியது. தம்பி அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போனான். வளைவுக்குப் பின் வளைவு. லாரிப் புகை உள்ளே வந்தது. குட்டி இருமினாள். பானெட்டுக்கு மேலே அனல் நெளிவதை அக்காக்காரி பார்த்தாள். அடியில் அந்தச் சிவப்பு ஃபில்டர் அந்த அனலையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

"அவசரம் ஒண்ணும் இல்லடா. அம்மா காத்திருப்பா. இவன் பின்னாடியே போயிடலாம்."

"இவன் பின்னாடி போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். இரு, அந்த நேர் ரோடு வரட்டும்."

"வேணாம்டா."

"சும்மா வேடிக்கை பாருக்கா."

நேர் ரோடு வந்தது. பெரிய நேர் ரோடு ஒன்றும் இல்லை, ரெண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் நிமிர்ந்து கிடந்த பாதை. தம்பி கியரைக் குறைத்து வெளியே எடுத்தான். மிதித்தான். வண்டி அலறிய அலறலில் அவளுக்குக் காது அடைத்தது. லாரியின் பின்சக்கரம் அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது. சகதி காய்ந்த டயர், சுற்றிலும் எண்ணெய் கசிந்த நட்டுகள். அது பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. சத்தம் கூடிக்கொண்டே இருந்தது, அந்தச் சக்கரம் அவள் தோளுக்கு நேராக அப்படியே சுற்றிக்கொண்டே இருந்தது. கையை நீட்டினால் தொடலாம்.

மேல் வளைவில் ஒரு பஸ் முகம் காட்டியது.

"போயிடும், போயிடும்" என்றான் தம்பி.

"போகாதுடா! வெறும் சத்தம்டா அது! காலை எடுடா!"

அவள் கத்தியதில் அவன் திடுக்கிட்டுக் காலை எடுத்தான். பிரேக் போட்டான். வண்டி பின்வாங்கி, கம்பி நுனிகளுக்கு ஒரு முழம் பின்னால் லாரி வாலுக்குள் புகுந்தது. பஸ் காற்றை அறைந்துகொண்டு இறங்கிப் போனது. பஸ்காரன் திட்டியது கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பின்சீட்டில் குட்டி அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வளைவில் ஒரு டீக்கடை. தம்பி ஓரம் கட்டினான். கம்பி லாரி அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டு மேலே போயிற்று. தம்பி இறங்கி ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான். ஈரம் காய்வதற்குள் கோபம் வந்துவிட்டது.

"அறிவிருக்காக்கா உனக்கு? தாண்டுறப்ப நடுவுல யாராவது கத்துவாங்களா? பாதியில காலை எடுக்கிறதுதான் ஆபத்து."

"தாண்டுனியா நீ? அந்தச் சக்கரம் என் பக்கத்துலயே நின்னுச்சுடா. ஒரு அடி நகரல."

"இன்னும் ஒரு நிமிஷம் மிதிச்சிருந்தா போயிருக்கும்."

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் மாமா சொன்னது, விடிகாலைக் குளிர், தனி ஆள், இன்ஜின் சூடு, முதுகில் உட்கார்ந்த ஈ, ஒன்று விடாமல். சொல்லும்போதே புருஷனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று உறுத்தியது. சொல்லி முடித்தபோது பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

தம்பி நம்பவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை, அவன் சிரித்தான்.

"மாமாவா? என்கிட்டயா? மூணாவது கியருல ஏறுனது நான். உக்காந்து ஓட்டுனது நான். எனக்குத் தெரியாதா? நீ பயந்துட்ட, அதுக்கு ஏதேதோ சொல்ற."

"அவருக்கே போன் போட்டுக் கேளு."

"போடுறேன். நீயும் கேளு."

ஸ்பீக்கரில் போட்டு வண்டி மேல் வைத்தான். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் பேச்சுக்குரல்.

"மாப்ள!" மெக்கானிக் குரல் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி வந்தது. "எப்படி இழுக்குது?"

"நல்லாத்தான் இழுக்குது மாமா. தாண்டும்போது அக்கா நடுவுல கத்தி காலை எடுக்க வச்சிட்டா. கேட்டா, இந்தக் குழாயில ஒண்ணுமே இல்ல, வெறும் சத்தம்தான்னு நீங்களே சொன்னீங்களாம். நிஜமா மாமா?"

கம்ப்ரஸர் ஓடியது. யாரோ அங்கே, "என்னவாம்?" என்று கேட்டான். அவள் வண்டியின் கூரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் போனையே பார்த்தாள். சொல்லுங்க, சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மெக்கானிக் சிரித்தான்.

"உங்க அக்காவுக்கு வண்டியைப் பத்தி என்ன மாப்ள தெரியும்? சீட்டு தைக்கிறவ."

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். இங்கே தம்பியும் சிரித்தான். டீக்கடைக்காரர்கூடப் புரியாமலே பல்லைக் காட்டினார். அவளுக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் பக்கத்தில் உட்கார்ந்து உழைத்ததற்கு இதுதானா என்று அழுகை முட்டியது. அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் அவள் போனுக்குக் குனிந்தாள்.

"என்னங்க, குட்டி வண்டியில இருக்கா. அவளை நினைச்சுச் சொல்லுங்க."

"வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன்" என்று குரல் தாழ்ந்து வந்து, போன் நின்றுவிட்டது.

"கேட்டுட்டியா? ஏறு" என்றான் தம்பி.

அவள் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து குட்டியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தம்பி பொண்டாட்டியைப் பார்த்து, "நீயும் இறங்கு. பஸ்ல போவோம்" என்றாள். அந்தப் பெண் புருஷன் முகத்தைப் பார்த்தாள், நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். முன்சீட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"குட்டிக்குக் குமட்டுதுங்க. புகை ஒத்துக்கல. நாங்க பஸ்ல வந்துடறோம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். குட்டிக்குக் குமட்டவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

தம்பி முகம் கறுத்துவிட்டது. "சரி. நல்லதாப் போச்சு. ஆள் இறங்குன பிறகு இன்னும் நல்லா இழுக்கும். அம்மாவைக் கூட்டிக்கிட்டு நான் திரும்பி வரும்போதும் நீங்க இங்கேயேதான் பஸ்ஸுக்கு நிப்பீங்க, பாருங்க."

"டேய், லாரி பின்னாடியே போடா. என்மேல கோவமா இருந்தாலும் பரவாயில்ல. பின்னாடியே போ."

அவன் கதவை அறைந்து சாத்தினான். அந்தப் பழைய டாக்ஸி டீக்கடைத் தகரம் அதிர உறுமிக்கொண்டு கிளம்பியது.

"வண்டி ஜம்முனு இருக்கே" என்றார் டீக்கடைக்காரர்.

யாரும் டீ கேட்கவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சத்தம் மறையவில்லை. மலை அதை வாங்கி வாங்கி எதிரொலித்தது. ஒரு வளைவில் தேய்ந்து அடுத்த வளைவில் திரும்ப எழும்பும். தம்பி பொண்டாட்டி கழுத்தை நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளி வண்டியிலேயே போய்விட்டது, குட்டி பசிக்கிறது என்றாள். அக்காக்காரி அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

போன் அடித்தது. புருஷன். கம்ப்ரஸர் சத்தம் இப்போது தூரத்தில் கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்று பேசுகிறான்.

"அவன்கிட்ட போனைக் குடு."

"எதுக்கு?"

"குடும்மா. நானே சொல்லிடுறேன். ஆளுங்க நின்னாங்க, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நான் சொன்னா கேப்பான்."

"அவன் போயிட்டான்."

"எங்க?"

"மேல. தனியா. நாங்க மூணு பேரும் இறங்கிட்டோம்."

"நான் ரெண்டு தடவை அடிச்சேன். எடுக்கல."

"அந்தச் சத்தத்துல போன் அடிக்கிறது எங்க கேக்கும்?"

"நீ கூப்பிட்டுச் சொல்லேன். நீ சொன்னா..."

"நான் சொன்னா எப்படி நம்புவான்? எனக்கு என்ன தெரியும்? சீட்டு தைக்கிறவ."

மேலே, நாலைந்து வளைவு தள்ளி, சத்தம் மாறியது. கியரைக் குறைத்த சத்தம். அதற்கு அடியில் லாரியின் முனகல். தம்பி பொண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்ஸியின் அலறல் எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது. முனகலும் அலறலும் பிரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து, பக்கத்தில் பக்கத்தில், வந்துகொண்டே இருந்தன.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து மலையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"கேக்குதாங்க?" என்றாள்.

மலை உச்சியிலிருந்து இறங்குகிற வண்டி ஒன்று ஹாரனை அழுத்தியது. அழுத்திய கையை எடுக்கவே இல்லை. தூக்கிப் பிடித்த போனுக்குள்ளிருந்து அவள் புருஷன், "வேணாம் மாப்ள, வேணாம், பின்னாடி வா, அதுல ஒண்ணுமே இல்ல மாப்ள" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.